இடப்பக்கம் வைத்த தும்பிக்கை

— “இந்த ஆனை எப்படி மாமா தண்ணி குடிக்கும்?”னு அந்த யுவஸ்ரீ புள்ள கேட்டப்பதான் திருமலை, நானே திரும்பிப் பாத்தேன். ஆனைக்குத் தும்பிக்கை இல்ல.

— நாலு மாசமா அந்த இரும்பு ஆனையைச் செய்யறீங்க குருமூர்த்தி அண்ணா. தும்பிக்கை இல்லங்கறதை ஒண்ணாவது படிக்கிற புள்ள வந்து சொல்லணுமா?

— அந்தப் புள்ள வீட்டுக் கேழ்வரகுக் கொல்லைக்கு நெசமான ஆனையே வருதாம். அதுக்குத் தெரியாததா? தும்பிக்கையை நான் செஞ்சு வெச்சிருந்தேன்யா. நேத்து தனியா கழட்டி வார்னிஷ் அடிச்சு, கீறல் விழக் கூடாதுன்னு சாக்குல சுத்தி, டெம்போவுல ஏத்த வசதியா பட்டறை கேட்டுக்கு வெளிய வெச்சேன். இடது பக்கம்.

— அடக் கடவுளே. இடது பக்கமா?

— இடது பக்கம்.

— செவ்வாக்கிழமை விடிஞ்சா, உங்க கேட்டுக்கு இடது பக்கம் எது இருந்தாலும் அது பழைய இரும்பு பொறுக்கற சென்னம்மாக்காவுக்கு. எட்டு வருசமா நீங்களே வெச்ச வழக்கம். அது கேக்கவும் கேக்காது, பிரிச்சும் பாக்காது. தூக்கிட்டு வந்து இந்தக் காயலான் கடையில இறக்கிடும்.

— இன்னிக்குச் செவ்வாக்கிழமைங்கறதே மறந்துட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அதான் நானே ஓடி வந்தேன். காலையில எடைக்குப் போட்டாங்களா?

— போட்டிருக்கலாம். பதினோரு டன்னு இறங்கியிருக்குது. என் தராசுக்கு ஆனையும் ஒண்ணுதான், ஆணியும் ஒண்ணுதான்.

— நாலு மணிக்கு உன் லாரி உருக்காலைக்குக் கிளம்பிடும். அஞ்சு மணிக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து ஆனையை ஏத்த டெம்போ வருது. நாளைக்குக் காலையில முந்நூறு புள்ளைங்க வந்து நிக்கும்யா.

— பதறாதீங்க. டீ சொல்லட்டா?

— டீ வேணாம்.

— சொல்லிட்டேன், உக்காருங்க. அடையாளம் சொல்லுங்க. தும்பிக்கை எப்படி இருக்கும்?

— தும்பிக்கை மாதிரிதான் இருக்கும். முப்பத்தாறு பேரிங் வளையம். லாரி பேரிங்ல ஆரம்பிச்சு மொபெட் பேரிங்ல முடியும். உள்ளுக்குள்ள பைக் செயினு. காத்தடிச்சா ஆடும். கம்பெனி டூல் ரூம்ல பதினாறு வருசம் இருந்தேன், அங்ககூட இத்தினி கச்சிதமா ஒண்ணும் செஞ்சதில்ல.

— அப்ப அந்தக் கடைசிக் குவியல்ல பாருங்க.

— அது வெறும் தகரம்யா.

— உருண்டு போயிருக்கும் அண்ணா. மேல இருந்து ஆரம்பிங்க. மெதுவா. கையைக் கிழிச்சிடும்.

— திருமலை, ஒண்ணு கேட்டுக்கறேன். சென்னம்மா வந்தா இதைப் பத்தி நீ மூச்சு விடக் கூடாது.

— ஏன்?

— தெரிஞ்சா அவங்க அப்புறம் எந்தப் பட்டறை வாசலுக்கும் போவ மாட்டாங்க. மத்தவன் பொருளைத் தொட்டுட்டோமேன்னு உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிடுவாங்க. கிடைக்கலன்னா போவட்டும். ஒரு பைப்பை வளைச்சு மாட்டிக்கறேன். புள்ளைங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுது.

— பைப்பு வெச்சா அது ஆனை இல்ல அண்ணா, பம்புசெட்டு.

— பம்புசெட்டாவே இருக்கட்டும். அவங்க காதுக்கு மட்டும் போவக் கூடாது.

— சரி, நானும் ஒண்ணு கேட்டுடறேன். வாரா வாரம் அக்கா கொண்டாற உங்க மூட்டையில மட்டும் அடியில பித்தளை கிடக்குது. இரும்புப் பட்டறையில பித்தளை எப்படி மொளைக்குது?

— தவறி விழுந்திருக்கும்.

— எட்டு வருசமாவா?

— ஏன்யா நோண்டற? கம்பெனியில ஆளைக் குறைச்சப்ப நான் வெளிய வந்து ஒரு கொட்டாய் போட்டேன். சிலை செய்ய ஆசை. இரும்பு வாங்க வழியில்ல. ஒரு நாள் சென்னம்மா தலைச்சுமையோட போனவங்க நின்னு, “என்னப்பா செய்யற?”ன்னாங்க. மயிலு, தோகைக்குச் செயின் பத்தலன்னேன். மூட்டையை இறக்கி, அன்னிக்கு நாள் பூரா பொறுக்கினதைக் கொட்டிட்டாங்க. “மயிலு ஆடறப்ப கூப்பிடு”ன்னு சொல்லிட்டு வெறுந்தலையோட போனாங்க. அந்த மயிலைப் பாத்துதான் எனக்கு மொத வேலையே வந்துச்சு.

— இதை அக்காகிட்ட சொன்னா ஞாபகமே இல்லம்பாங்க.

— அதையேதான் சொன்னாங்க.

— அதுக்கு ஞாபகம் இருக்கறது அந்த மஞ்சப்பூ சும்மாடு ஒண்ணுதான். தலையில அந்தத் துணியைச் சுருட்டி வெக்காம தங்கமே கிடந்தாலும் தூக்காது.

— நீ கதை பேசியே மணியை மூணாக்கிட்டே. இந்தக் குவியல்ல ஒண்ணும் இல்ல.

— அடுத்த குவியல் பாருங்க.

— அது பிளாஸ்டிக்குய்யா.

— உங்களுக்குப் போன் அடிக்குது அண்ணா.

— என் பொண்ணு ஜெயப்ரியாதான். மொத ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்திருப்பா. சொல்லும்மா. என்னது? பட்டறை வாசல்ல, பெயிண்டு டிரம்முக்குப் பின்னாடியா? முழுசா இருக்குதா? பக்கத்துல என்ன துணி? மஞ்சப்பூ போட்டதா? வட்டமா சுருட்டி... ம். இல்ல, இல்ல. அது நான் துடைக்கிற துணிதான். தொவைச்சு மடிச்சு வெச்சிடு. யாருகிட்டயும் கேக்க வேணாம். வந்துடறேன்.

— என்ன அண்ணா?

— கிடைச்சிடுச்சு. நானேதான் டிரம்முக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். வயசாவுது, மறதி. உன்னையும் வேலை கெடுத்துட்டேன்.

— எனக்கென்ன, டீக்கடைக்காரருக்கு லாபம். மூணு டீ.

— திருமலை, அடுத்த செவ்வாக்கிழமையும் சென்னம்மா வருவாங்க இல்ல?

— வராம எங்க போவாங்க?

— அது போதும். நான் கிளம்பறேன்.

— வண்டியைப் பாத்து ஓட்டுங்க அண்ணா.

— அலோ, சென்னம்மாக்கா? திருமலை பேசறேன். அவரு இப்பதான் கிளம்பினாரு.

— சந்தேகப்பட்டாராப்பா?

— இல்லவே இல்ல. தானே வெச்சு மறந்துட்டேன்னு சொல்லிட்டுப் போறாரு. அவரு வந்தா பிடிச்சு வையின்னு நீங்க சொன்னீங்க, நான் ரெண்டு மணி நேரம் அவரைத் தகரம் கிளற வெச்சேன். பாவம்.

— சாமி, மானத்தைக் காப்பாத்தினே. தராசுல வெக்கறப்ப சாக்கு அவிழ்ந்து, உள்ள வளையமெல்லாம் மினுமினுன்னு ஆடுது. ஐயோ, ஆனையோட மூக்கைத் தூக்கிட்டு வந்துட்டேனேன்னு அப்பவே திருப்பித் தலையில ஏத்திட்டேன்.

— இருபத்தஞ்சு கிலோக்கா. இந்த வெயில்ல தலையில வெச்சுக்கிட்டு வாய்க்கால் கரையோரமா நடந்தீங்களா? என் வண்டியைக் கேட்டிருக்கலாம்.

— வண்டி சத்தம் கேட்டா நாலு பேரு எட்டிப் பாப்பாங்க. வாரா வாரம் பித்தளையை எனக்குன்னு அடியில ஒளிச்சு வெக்கிற மனுசன்பா அவரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. நெனச்சுக்கட்டும். ஒரு தடவையாவது நானும் அவரு வாசல்ல ஒளிச்சு வெக்க வேணாமா?

— சரிக்கா. நிம்மதியா இருங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது.

— நல்லதுப்பா. ஆங், தம்பி, அவசரத்துல என் மஞ்சப்பூ சும்மாட்டை எங்கயோ விட்டுட்டேன். உன் தராசுகிட்ட கிடக்குதா, கொஞ்சம் பாரேன்.