ஹ்யால்டியின் சமையலறைக் கணினியும் சோல்ரூனின் எண்பது ஆடுகளும்

பனியோடு பழகி, பனியோடு போராடி, பனியையே போர்த்தி வாழும் பள்ளத்தாக்கின் பெருமக்களே! இந்த மன்றத்துக்குத் தலைமையேற்றிருக்கும் மேய்ச்சல் குழுத் தலைவர் ஸ்டெய்ன்வோர் அம்மையார் அவர்களே! மலையேறி மந்தை திரட்டி, சேறு காயாத காலணியோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! காலையிலிருந்து கறிச்சூப்பு காய்ச்சிக் கைசிவந்த தாய்மார்களே! இந்தக் கால்நடை மருத்துவனின் கம்பளிக் கதகதப்பான வணக்கம்!

"சுருக்கமாப் பேசுங்க டாக்டர்!" என்று பின்வரிசையில் ஒரு குரல். கவலை வேண்டாம் ஐயா! நடனம் தொடங்கும் நேரத்தில் நான் நின்றுகொண்டிருந்தால் என் மனைவியே மேடையேறி இழுத்துப் போய்விடுவாள்!

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் இதே மன்றத்தில் மூன்று கூட்டம் போட்டோமே, எதற்காக? நம் ஆட்டுப் பதிவேட்டை எங்கே வைப்பது என்பதற்காக! இணையத்தில் திறக்கும் செயலியிலா? கணினியில் நிறுவிய மென்பொருளிலா?

இருபது ஆண்டுகளாகத் தன் சமையலறைக் கணினியில் பதிவேட்டைக் காத்துவந்த ஹ்யால்டி எழுந்தார். "என் வீட்டுல இருக்கு, என் கைல இருக்கு. கம்பி அறுந்தாலும் திறக்கும்!" என்றார்.

பண்ணை வாங்கி இரண்டே ஆண்டான சோல்ரூன் விடுவாரா? "உங்க கைல இருக்கு, சரி. எங்க கைல என்ன இருக்கு? ஒரு ஆட்டோட எண்ணைப் பாக்க நான் உங்க வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கணுமா?"

"என் காப்பிக்கு என்னம்மா குறை?"

சிரித்தோம், கலைந்தோம், முடிவெடுக்கவில்லை. சோல்ரூன் மட்டும் தன் ஆடுகளை ஓர் இணையச் செயலியில் பதியத் தொடங்கினார்.

சென்ற ஆண்டு செப்டம்பர் வந்தது. மலையிலிருந்து மந்தை இறக்க ஐந்து நாள் இருக்கையில் வடகாற்று வந்தது. இரண்டு நாள் கொட்டிய பனியில் மின்சாரம் போனது, கைபேசிக் கோபுரம் சாய்ந்தது, இணையம் இறந்தது. மலைமேலே சோல்ரூனின் எண்பது ஆடுகள்! அவரது வாழ்வே அந்த எண்பதுதான். மடிக்கணினியைத் திறந்தார். வெளியே வெள்ளை, திரையிலும் வெள்ளை!

என் டிராக்டரில் ஏறினார். ஹ்யால்டியின் கதவைத் தட்டினோம்.

"அடடே, இணையத்துக்காரியா! மேகத்துல வச்ச பதிவேடெல்லாம் பனியாக் கொட்டுதே, பாத்தியா?"

"கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம் ஹ்யால்டி. என் ஆடு எல்லாம் மேல இருக்கு. எங்க தேடுறதுன்னுகூடத் தெரியல."

அந்தக் குரல் உடைந்த கணத்தில் கிழவரின் சிரிப்பு நின்றது. ஓடிப்போய் ஜெனரேட்டரை முடுக்கினார். கணினி முனகியது, கண்விழித்தது. எந்த ஆடு, யாருக்குப் பிறந்தது, எந்த இலையுதிர் காலத்தில் எந்த ஓடையில் அகப்பட்டது, அத்தனையும் அதில் இருந்தது!

"நானூத்திப் பன்னெண்டு... இவ அம்மா வருஷா வருஷம் கழுகுப்பாறை ஓடையிலதான் கிடப்பா. மகளும் அங்கதான் இருப்பா. எழுதிக்கோ!"

என் மருந்துச்சீட்டுகளிலெல்லாம் ஓடைகளின் பெயர்! நீண்ட கழிகளால் பனியைக் குத்திக் குத்தித் தேடினோம். மூச்சுக்காற்று உருக்கிய சிறு துளை ஒன்று தெரிந்தது. தோண்டினோம். நானூற்றுப் பன்னிரண்டு எழுந்து நின்று, பனியை உதறி, தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன் என்பதுபோல என்னை முறைத்தாள்! சோல்ரூன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். மறுநாள் மாலைக்குள் அறுபத்தொன்று!

மீதி எங்கே? மலையின் மறுபக்கத்துப் பண்ணைகளும் தேடிக்கொண்டிருந்தன. ஹ்யால்டியின் கணினிக்கு அது தெரியுமா? தெரியாது! மூன்றாம் நாள் இணையம் உயிர்த்ததும் சோல்ரூன் கிடைக்காத பத்தொன்பது எண்களையும், மறுபக்கத்தாரும் பயன்படுத்தும் தன் செயலியில் ஏற்றினார். பத்து நிமிடம் ஆகவில்லை. 'கிடைத்தது' என்று பதில்கள் வந்தன: ஒன்று, இரண்டு, பதினான்கு! மறுபக்கக் கொட்டகை ஒன்றில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. ஐந்து ஆடுகள் மட்டும் திரும்பவில்லை. அந்த வலியை மறைக்க மாட்டேன்.

ஹ்யால்டி சோல்ரூனின் கைபேசியையே உற்றுப் பார்த்தார். "நான் இங்க உக்காந்திருக்கேன், எண்ணிக்கை தானா மாறுதே?"

"அங்க கொட்டகையில நின்னு யாரோ அழுத்துறாங்க."

கைபேசியைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "என்னோட இருபது வருஷத்தையும் இதுல ஏத்திடலாமா? நான் இல்லாட்டியும் இருக்குமே."

வசந்தத்தில் வாக்கெடுத்தோம். இணையத்துக்கு முதலில் உயர்ந்த கை எவருடையது? ஹ்யால்டியுடையது! கணினியில் நிறுவுவதற்கு முதலில் உயர்ந்த கை? சோல்ரூனுடையது! தலைவர் மேசையைத் தட்டி, "ரெண்டு பேரும் போய்ப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க!" என்று அதட்டினாரே! பேசினார்கள். பதிவேடு இன்று இணையத்தில் வாழ்கிறது; ஒவ்வொரு பண்ணைக் கணினியிலும் அதன் நகல் உறங்குகிறது. இணையம் போனால் நகல் விழிக்கும். இணையம் வந்தால் இரண்டும் இணையும்!

மக்களே! எது புதிது என்று கேட்காதீர்கள், எது பழையது என்று கேட்காதீர்கள். புயலில் எது திறக்கும் என்று கேளுங்கள்! திறந்தது எத்தனை பேருக்குப் பயன்படும் என்று கேளுங்கள்! இன்று காலை பட்டியில் சோல்ரூனின் மந்தை முழுதாக இறங்கியது, ஒன்றுகூடக் குறையவில்லை! அவர் தொப்பியைக் காற்றில் எறிந்ததை நீங்களே பார்த்தீர்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. நடுவில் சிரித்த உங்கள் நெஞ்சங்களுக்கு இரட்டை நன்றி! அதோ, துருத்திவாத்தியக்காரர் விரல்களை நீட்டி மடக்குகிறார். எழுங்கள், ஆடுங்கள், மகிழுங்கள்! வணக்கம்!