குடில் தொட்டியில் வைக்கோல்

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், திண்டுக்கல்லில் நத்தம் பேருந்து புறப்படக் காத்திருந்தது. முன் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

“பாலன் ஏசுவுக்கு நேத்து ஒரு வைக்கோல்கூட மிச்சமில்லக்கா.”

“ஏன்டி?”

“மூத்தவ தம்பியக் கிள்ளிக்கிட்டே இருந்தாள்ல? பயந்துபோயி கோயில் சிஸ்டர்ட்ட சொன்னேன். அவனுக்கு ஒரு நல்லது செஞ்சா, வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் தொட்டியில ஒரு வைக்கோல் வைக்கணும், பாலனுக்கு மெத்தைன்னு விளையாட்டுச் சொல்லிக் குடுத்தாங்க. ஆசையா வச்சா.”

“அப்பறம்?”

“நேத்து அம்புட்டையும் அள்ளி இவனுக்கு அடியில பரப்பிட்டா. தம்பிக்குத் தரை குத்துதாம்.”

“பச்சப்புள்ளைக்கு அரிக்குமேடி, கிறுக்கி.”

“முதுகெல்லாம் தடிப்புத்தான். எண்ணெய் தடவுறப்ப நல்லாத் தேடிப் பாத்தேன்க்கா. கிள்ளுன தடம் ஒண்ணுகூட இல்ல.”