பேரிக்காய் மணம்

காப்பிக்கு நன்றி, அதிகாரி அவர்களே. சர்க்கரை சற்று அதிகம். என் கணவர் உயிரோடிருந்து, இந்தக் காகிதக் கோப்பையை நீங்கள் அவர் கையில் கொடுத்திருந்தால், நான் பிடுங்கிக் கீழே ஊற்றியிருப்பேன். அவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆதலால் நான் நிம்மதியாகக் குடிக்கலாம்.

என் பெயர் மெங் சுக்-ஜா. வயது அறுபத்தெட்டு. இந்தக் குன்சான் துறைமுகத்தில், நடுநிலைப் பள்ளி ஒன்றில், முப்பத்து மூன்று ஆண்டுகள் நன்னெறிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். சபையில் நான் குவன்சா. விசுவாசத்தில் தேறிய மூத்த பெண்களுக்கு அளிக்கப்படும் பொறுப்பு அது. எங்கள் சபையில் குவன்சாக்கள் பதினொருவர். ஒருவருக்கு அந்நிய பாஷையில் ஜெபிக்கும் வரம். இன்னொருவருக்கு நோய் தீர்க்கும் வரம் இருப்பதாக அவரே சொல்லுகிறார். அவருடைய முழங்கால் வலி மட்டும் அந்த வரத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஏனையோர் ஞாயிற்றுக்கிழமைகளில் நூடுல்ஸ் வேக வைக்கிறார்கள். எனக்கு அருளப்பட்டது பகுத்தறியும் வரம். ஒருவர் உள்ளத்தில் மறைந்திருப்பது எது, அவருக்குள்ளிருந்து பேசும் ஆவி எது என்று கண்டு சொல்லுவது.

அந்த வரம் எவ்விதம் செயல்பட்டது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முப்பது ஆண்டுகளாக ஒருவரும் கேட்கவில்லை.

சபை வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. விசுவாசிகள் தங்கள் விண்ணப்பங்களைச் சீட்டில் எழுதி, மடித்து, அதில் இடுவார்கள். பெயர் எழுதுவதில்லை, கர்த்தருக்குப் பெயர் தெரியும். திங்கட்கிழமை விடியற்கால ஜெபத்தில் போதகர் அச்சீட்டுகளைப் பிரிக்காமலே கைவைத்து ஜெபித்து, பின்னர் எரித்துவிடுவார். ஞாயிறு பிற்பகலில் பெட்டியைத் திறந்து, மறுநாள் வரை சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பது மட்டும் என் ஊழியம். இந்த ஊரில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் பாதிப் பேருடைய விடைத்தாள்களைத் திருத்தியவள் நான். கையெழுத்தைக் கண்டால் முகம் தெரியும். முகத்தோடு, அவர்கள் எந்த பெஞ்சில் உட்கார்ந்து யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதும் தெரியும். வசந்த காலத்தில் போதகரோடு வீடு வீடாகச் சந்திக்கச் செல்லுகையில், நான் கண்ணை மூடுவேன். தேவையானது நினைவுக்கு வரும். அவர்கள் அழுவார்கள். அழுகைக்குப் பின் மனம் திருந்துவார்கள். இதில் எந்த இடத்தில் கர்த்தர் இல்லை என்று நீங்கள் காட்ட முடியுமானால் காட்டுங்கள். கண்களைக் கொடுத்தவர் அவர். நினைவாற்றலைக் கொடுத்தவரும் அவரே.

படகு இயந்திரங்கள் பழுது பார்க்கும் கூ என்பவர் குடியை விட்டது என் வாயால். "கருவிப் பெட்டிக்குப் பின்னால் பச்சைப் புட்டிகள் தெரிகின்றன" என்றேன். அவர் தரையில் விழுந்து கதறினார். அவருடைய தாயார் எழுதிய சீட்டில் புட்டிகளோடு அவற்றின் எண்ணிக்கையும் இருந்தது. கருவிப் பெட்டி என்பது என் ஊகம். அதன்பின் ஆறு ஆண்டுகள் அவர் சோஜுவைத் தொடவில்லை.

அந்தக் கூ மணந்து அழைத்து வந்தவள்தான் தாக் மி-ரே. நாற்பத்தொரு வயது. தீவுக்காரி, பள்ளிப் படிப்பு குறைவு. துறைமுகத்தெருவில் சோயாவில் ஊற வைத்த நண்டு விற்கும் உணவகத்தில் வேலை. எதற்கும் சிரிப்பாள். ஜெபத்தின்போதும் கைப்பையில் எதையோ துழாவுவாள். ஐந்து ஆண்டுகளில் ஒரு சீட்டுகூட எழுதிப் பெட்டியில் இட்டவள் அல்லள். ஏனென்று ஒரு முறை கேட்டேன்.

"எனக்கு வேண்டியத நானே வாயால கேட்டுக்கிறேன் குவன்சாம்மா. அவருக்குக் காது கேக்கும்ல?" என்றாள்.

ஒருவரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருப்பது பகுத்தறியும் வரம் பெற்றவளுக்கு எத்தகைய சோதனை என்பதை நீங்கள் உணர வேண்டும்.

இந்த வசந்தத்தில் பெட்டிக்குள் அவளுடைய கையெழுத்தைக் கண்டேன். அந்த உணவகத்தின் சுவரில் விலைப்பட்டியல் எழுதியிருப்பவள் அவள்தான். எழுத்துகள் நண்டுபோல் பக்கவாட்டில் நடக்கும். 'சிறையில் இருக்கும் என் மகனைக் காப்பாற்றும். ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றும்' என்றிருந்தது. கூவுக்கும் அவளுக்கும் பிள்ளை இல்லை. ஆகவே திருமணத்துக்கு முந்தைய மகன். கணவனிடம் மறைத்த மகன். நான் களிகூர்ந்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மனம் கனத்தது என்று எழுதுங்கள்.

அடுத்த வாரமே அவள் வீட்டுக்குச் சென்றோம். ப்யோ போதகர், நான், வேறு மூன்று பெண்கள். அவர்களுள் பாங் அம்மாள் எழுபதைக் கடந்தவர். கை நடுக்கம் உள்ளவர். மி-ரே பெரிய பேரிக்காய் ஒன்றைச் சீவித் தட்டில் அடுக்கி வைத்தாள். நான் கண்ணை மூடினேன். கம்பிகள் தெரிகின்றன என்றேன். கம்பிகளுக்குப் பின்னால் ஒரு மகன் தெரிகிறான், இந்த வீட்டில் ஒருத்தி அவனை மறைத்து வைத்திருக்கிறாள் என்றேன். கூவின் முகம் வெளுத்தது. அவர் மனைவியைப் பார்த்தார்.

அவளோ சிரித்துவிட்டாள்.

"ஐயோ குவன்சாம்மா, கையெழுத்து என்னுதுதான். சங்கதி என்னுது இல்லையே. கை நடுங்குது, எழுதிக் குடுன்னு ஒருத்தங்க கேட்டாங்க, எழுதிக் குடுத்தேன். எழுதினது யாருன்னு கர்த்தருக்குத் தெரிஞ்சிருக்கு, எழுதச் சொன்னது யாருன்னு தெரியாமப் போச்சா?"

அதில் நஞ்சு இருக்கவில்லை. அதுதான் அதன் கொடுமை. அவள் பெயர் சொல்லவில்லை. ஆனால் பாங் அம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு, "எம் புள்ளதான்யா, எம் புள்ளதான்" என்று அழத் தொடங்கினார். மற்ற இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பல ஆண்டுகளாகத் தாங்கள் எழுதிய சீட்டுகளை அவர்கள் மனத்தில் புரட்டிக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. ப்யோ போதகர் நல்லவர். எந்த வாக்கியத்தையும் முடிக்காமல் விடும் திறமையுள்ளவர். "பேரிக்காய் இந்த வருஷம் நல்லா..." என்றார்.

அடுத்த ஞாயிறு பெட்டியில் ஒரேயொரு சீட்டு இருந்தது. 'டீச்சர், இதையும் படிப்பீங்களா?' என்று எழுதியிருந்தது. மூன்றாம் பெஞ்ச், ஜன்னலோரம். அப்பொழுதும் அவன் அடக்கமில்லாதவன்தான்.

நான் மூன்று வாரம் பொறுத்தேன். நான்காம் ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக் கூடத்தில் நூடுல்ஸ் கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ப்யோ போதகர் உணவுக்காக ஜெபிக்கத் தொடங்கி, தேசத்துக்காகவும் வடக்கு எல்லைக்காகவும் ஜெபித்து, மிஷனரிகளை நாடு நாடாக நினைவுகூர்ந்துகொண்டிருந்தார். மி-ரேயின் கைகள் நடுங்கின. நெற்றியில் வேர்வை வழிந்தது. கண்கள் நிலைகுத்தின. அவள் கைப்பையைக் கிழிக்காத குறையாகத் திறந்து, மிட்டாயொன்றை உறையோடு வாயில் திணித்தாள். எல்லாரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். ஆமென் வருவதற்கு முன்பாகவே நான் எழுந்து நின்றேன். அன்று அந்த வீட்டில் பொய்யைக் காட்டி என்னை வழிதவறச் செய்த ஆவி எது என்று எனக்கு இப்பொழுது தெரிகிறது என்றேன்.

"சர்க்கரை கொறஞ்சுபோச்சு குவன்சாம்மா, வேற ஒண்ணுமில்ல. ஊசி போட்டுட்டு வந்தேன், ஐயா ஜெபத்த முடிப்பார்னு பாத்தா முடிக்கலியே" என்றாள் அவள், தடுமாறிய நாக்கோடு.

ஒருவரும் சிரிக்கவில்லை. எத்தனை முகங்களில் அப்போது நிம்மதி பரவியது என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குவன்சா சீட்டுகளைப் படித்தாள் என்றால் முப்பது ஆண்டுக் கண்ணீரையும் திரும்பப் பெற வேண்டும். மி-ரேக்குள் ஆவி இருக்கிறது என்றால் அவளை மட்டும் மூன்று நாள் மலைக்கு அனுப்பினால் போதும். சபை எளியதைத் தேர்ந்தெடுத்தது. மலையில் ஜெப வீடு இருக்கிறது. உபவாசமிருந்து ஜெபிப்பதற்கு ஒரு பாய் அளவேயுள்ள தனியறைகள் அங்கே உண்டு. போதகரிடம் அனுமதி கேட்டேன். "குவன்சாம்மா பாத்து எது..." என்றார்.

மி-ரே மறுத்தாள். அவளைச் சம்மதிக்கச் செய்தவர் கூ. நான் அந்த அறையிலேயே இருந்தேன்.

"மூணு நாளுதான புள்ள. நான் குடிக்காம இருக்கிறதே இந்தம்மா வாக்கால. இது பொய்யின்னு ஆச்சுன்னா அதுவும் பொய்யின்னு ஆயிரும். அப்புறம் நான் எதப் புடிச்சுக்கிட்டு நிப்பேன்?"

"என்னப் புடிச்சுக்கிட்டு நில்லுன்னு சொன்னா நிக்கவா போற. சரி, போயிட்டு வரேன். ஆனா ஊசிப் பைய எடுத்துக்கிட்டுத்தான் போவேன்" என்றாள்.

எடுத்துக்கொண்டுதான் வந்தாள். ஜெப வீட்டு அடுக்களையில் குளிர்பெட்டி இருக்கிறது. மருந்து கெட்டுப்போகும், அங்கே வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கிம்ச்சிப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். அடுக்களைச் சாவி என்னிடம். அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதிருக்க வெளிப்புறம் ஒரு தாழ்ப்பாள் உண்டு. அன்று மலையில் காற்று அதிகம் இல்லை. எனினும் போட்டேன்.

முதல் நாள் மாலை அவள் பையைக் கேட்டாள். ஒரு கையில் விசுவாசமும் மறு கையில் ஊசியுமாகக் கர்த்தரிடம் போவது அழகன்று என்று விளக்கினேன். "உபவாசத்துலயும் ஊசி போடணும்மா, டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள். டாக்டர் எந்தச் சபை என்று கேட்டேன். இரண்டாம் நாள் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று யாரேனும் கூறியிருந்தால் அது அவதூறு. பிறகு வாந்தியெடுத்தாள். உள்ளிருப்பது வெளியேறுகிறது என்று, பக்கத்து அறையில் பாடிக்கொண்டிருந்த இரு சகோதரிகளிடம் சொன்னேன். கூ தொலைபேசியில் அழைத்து, "எப்படி இருக்காம்மா?" என்று கேட்டார். அமைதியாகிக்கொண்டு வருகிறாள் என்றேன். அதுவும் உண்மையே.

மூன்றாம் நாள் காலை, கதவின் அடியிலிருந்து அவள் குரல் வந்தது. எழுந்து உட்கார முடியவில்லை போலும்.

"குவன்சாம்மா... பைய மட்டும் குடுத்துருங்க. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் நானே சொல்லிர்றேன். எங்கிட்டதான் பொய் ஆவி இருந்துச்சு, நீங்க சொன்னதெல்லாம் நெசம்னு. பாங்கம்மாகிட்டயும் சொல்லச் சொல்றேன். சத்தியமா."

நான் அதை ஆராய்ந்தேன். அவசரப்பட்டு மறுத்துவிட்டேன் என்று எண்ணாதீர்கள். எனக்கு வேண்டியிருந்தது முழுவதும் அந்த நான்கு வாக்கியங்களில் இருந்தது. ஆனால் அவள் அதையும் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவள். மேலும், நன்னெறி ஆசிரியை என்ற முறையில், கட்டாயத்தின் பேரில் கிடைக்கும் ஒப்புதலை நான் என்றுமே மதித்ததில்லை. நீங்களும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் கவனித்தேன், மகிழ்ச்சி.

நண்பகலில் கதவின் இடுக்கு வழியே ஒரு மணம் வந்தது. பழுத்த பேரிக்காயின் மணம், அதனோடு சற்று நகப்பூச்சு மணமும் கலந்தாற்போல். சகோதரிகள் பாட்டை நிறுத்திவிட்டு, "இது என்னக்கா வாசன? உள்ள பழம் ஒண்ணும் இல்லியே" என்று கேட்டார்கள். ஆவி அகன்ற இடத்தில் அபிஷேகத்தின் நறுமணம் இறங்குவதுண்டு என்றேன். அவர்கள் முழங்காற்படியிட்டு ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள். மூன்று மணிக்குக் கதவைத் திறந்தபோது மி-ரே இறந்திருந்தாள். நறுமணத்தின் செய்தி மலையிலிருந்து எங்களுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அந்த ஞாயிறு பெட்டி நிரம்பி, மூடி சரியாகப் பொருந்தவில்லை. கிம்ச்சிப் பெட்டிகளுக்குப் பின்னால் கூ தேடிப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நாம் இந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்க மாட்டோம். அவர் மறுபடியும் குடிக்கத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. ஜெபித்து வருகிறேன்.

எனக்கு மருத்துவம் தெரியாது என்றும், விசுவாச மிகுதியால் நேர்ந்த பிழை என்றும் எழுதித் தருவதாகச் சபையின் வழக்கறிஞர் சொன்னார். பொய்ச்சான்றில் நான் கையெழுத்திட மாட்டேன். என் கணவருக்குப் பதினோரு ஆண்டுகள் நாள்தோறும் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டவள் நான். ஒரு குளிர்காலத்தில், காய்ச்சலின்போது பிடிவாதமாக ஊசியை நிறுத்தினார். இரண்டாம் நாள் அவர் மூச்சில் இதே பேரிக்காய் மணம். நான் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அவருக்குக் காலுறை மாட்டி முடிப்பதற்குள் அது வாசலுக்கு வந்துவிட்டது. அவர் அதன்பின் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆகவே அந்த மணம் என்னவென்று எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் கை நடுங்கியபோதே தெரியும். தெரிந்தேதான் தாழ்ப்பாளைப் போட்டேன், தெரிந்தேதான் திறக்கவில்லை. இவ்வாறே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. கேட்கப்படாத வினாவுக்கு விடையளிப்பது என் வழக்கமன்று. எனினும் வாக்குமூலம் முழுமையாக இருக்க வேண்டும்.

அந்த நண்பகலில், தாழ்ப்பாளுக்கு அருகே நாற்காலியில் அமர்ந்திருந்தபோது ஒரு குரல் கேட்டேன். முப்பது ஆண்டு ஊழியத்தில் சீட்டு எதையும் படிக்காமல் நான் கேட்ட ஒரே குரல். 'கதவைத் திற, மகளே' என்றது. உரத்துச் சொல்லவில்லை. மூன்று முறை சொன்னது. எந்தக் குரலையும் சோதிக்காமல் ஏற்கலாகாது என்பது எனக்குத் தெரியும்; அதற்காகத்தானே இந்த வரம். கண்ணை மூடி, பொறுமையாகச் சோதித்தேன். அது என் குரலைப் போல் சிறிதும் இல்லை. ஆகவே அது கர்த்தருடையதாக இருக்க முடியாது என்று பகுத்தறிந்தேன்.