மாலை போட்ட படம்

ஏவன்டேல் ரயிலில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். தமிழ்நாட்டுக்காரியான இளையவள் சொன்னாள்: "உயிரோட இருக்கிற மனுஷன் படத்துக்கு மாலை போட்டு, விளக்கும் ஏத்திட்டேன் அக்கா."

"ஆருக்கு?" என்றார் யாழ்ப்பாணத்து அக்கா.

"எங்க வீட்ல வாடகைக்கு இருந்தாரே, பிரெஞ்சு ஆர்ட்டிஸ்ட். முன்னாடி கல்லறைக்குக் கல்லு செதுக்கிட்டிருந்தவர். ஒருநாள் தன் பேரையே செதுக்கி வச்சாராம். அதையே கலைன்னு கொண்டாடினாங்க, அதுலதான் பெரிய ஆள் ஆனார். போன வாரம் இறந்துட்டார்னு மெயில் வந்துச்சு. அழுதுட்டேன்."

"பிறகு?"

"நேத்து அவரே போன் பண்றார். அந்த மெயில்தான் அவரோட புதுப் படைப்பாம். நான் என்ன பண்ணேன்னு கேட்டார். சொன்னேன். போட்டோ அனுப்பு, பாரிஸ் கண்காட்சியில வைக்கிறேன்கிறார்."

"முதல்ல மாலையைக் கழட்டுமன்."

"கழட்டக் கூடாதாம். இப்ப அதுவும் படைப்புதானாம்."

ஏவன்டேலில் அவளோடு இறங்க எழுந்த அக்கா, கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அப்ப அந்தாள் உண்மையாச் செத்தால்?"

"அதான் அக்கா புரியல. அன்னைக்கு நான் என்னத்தப் போடுறது?"

கதவு மூடிக்கொண்டது. இருவருமே இறங்கவில்லை.