ஆடு தரையில் நிற்கவில்லை

எனக்கு நன்றாக அடுப்பு மூட்டத் தெரியும், ஐயா. நாரின் மலையில் வளர்ந்தவன். நிலக்கரி கனன்றுகொண்டிருக்கும்போது புகைபோக்கித் தகட்டை மூடினால் விஷவாயு அறைக்குள்ளேயே தங்கி, உள்ளே படுத்திருப்பவன் எழுந்திருக்க மாட்டான் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். சூடு போய்விடுமே என்று அவசரப்பட்டு மூடுகிறவர்கள் இந்த பிஷ்கெக் நகரத்தில் இருக்கிறார்கள். நீங்கள் என்னையும் அவர்களோடு சேர்த்து, 'அறியாமல் நடந்த விபத்து' என்று போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எர்மெக்கும் நானும் ஒரே வீட்டில் தங்கி, கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்ய உதவும் கேம் எஞ்சின் மென்பொருளைக் கற்றுக்கொண்டிருந்தோம். அவனுக்கு அது சட்டென்று வசப்பட்டது, எனக்கு வரவில்லை. நான் அதில் செய்துகொண்டிருந்தது எங்கள் ஊர்க் குதிரை விளையாட்டான கோக்-போரு. குதிரைமேலிருந்து குனிந்து, தலையில்லாத ஆட்டை அள்ளிப் போய் எதிரணித் தொட்டியில் போட வேண்டும். நிஜத்தில் ஆடி விலா எலும்பு உடைந்தவன் நான். எர்மெக் குதிரையில் ஏறியதே இல்லை. ஆனால் திரையில் என் ஆடு விழுந்தால் தரையில் நிற்காது, துளைத்துக்கொண்டு கீழே போய்க்கொண்டே இருக்கும்.

"என்னடா மெலிஸ், ஆடு இன்னைக்கும் பாதாளத்துக்குக் கெளம்பிடுச்சா?" என்பான். "தள்ளு. நீ போய் டீ போடு."

மவுஸைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வான். நான் டீயோடு வருவதற்குள் ஆடு ஒழுங்காகத் தரையில் கிடக்கும். எப்படி என்று கேட்டால், "அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாதுடா" என்று ரொட்டியைப் பிய்ப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு டீ ஊற்றுவேன்.

ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் கண்முன்னே எல்லாவற்றையும் நானே செய்துகாட்ட வேண்டும். இல்லாவிட்டால் நாரினுக்குத் திரும்பி ஆடு மேய்க்க வேண்டியதுதான். எர்மெக் சிரித்தான்.

"நானும் வரேன். நீ திருதிருன்னு முழிப்பே, நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்போரம் படுத்துத் தூங்கிப்போனான்.

குளிருக்காக ஜன்னல் இடுக்குகளில் முன்பே துணி திணித்திருந்தோம். கரி நன்றாகச் சிவந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தகட்டைத் தள்ளினேன், முழுவதுமாக. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முற்றத்துச் சமையல் கொட்டகைக்குப் போனேன். அவன் தூக்கம் கெடக் கூடாதென்று கதவை மெதுவாகவே சாத்தினேன்.

அங்கே நிம்மதியாக இருந்தது. தள்ளு என்று சொல்ல ஆளில்லை. முதலிலிருந்து ஒவ்வொன்றாக நானே செய்தேன். அவன் இல்லாமல் என்னால் முடியும் என்பது எனக்கு எப்போதுமே தெரியும். குதிரை ஓடியது. வீரன் குனிந்து ஆட்டைத் தூக்கினான். பிடி நழுவியது, ஆடு தரைக்குள் போய்விட்டது.

எவ்வளவு பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. அவனை எழுப்பிக் கேட்கலாம் என்று உள்ளே போனேன்.