முன்கதையில் இல்லாத அண்ணன்

– நோட்டுல பூனை கீது. நம்ம வூட்டு ஒத்தக்கண்ணு பூனை! அத்த பத்தி நாலு வரி எழுதிக்கீற, ஜெரி. நான் எங்கடா?

– ணா, பிரஷ்ஷைக் கீழ வை. சுண்ணாம்பு சட்டையில ஒழுகுது.

– ஒழுகட்டும். என் சட்டை, எங்கம்மா கல்லறை. கேட்டதுக்குப் பதில் சொல்லு.

– என் நோட்டை எதுக்குணா எடுத்துப் படிச்ச?

– டி.வி. பொட்டி மேல போட்டுட்டுப் போனா எவன் வேணா படிப்பான். அட்டையில பெருசா ‘முன்கதை’ன்னு வேற எழுதிக்கீற. இன்னாடா இது, பய பொறந்த கதையான்னு பிரிச்சேன். பிரிச்சதுல இருந்து சோறு எறங்கல.

– அது ஆட்டத்துக்கு எழுதுனதுணா. லூயிஸ் வீட்டு மாடியில ஞாயித்துக்கெழம டைஸ் உருட்டி ஆடுவோம்ல, அது. ஆளுக்கு ஒரு வேஷம். அந்த வேஷம் எங்க பொறந்துச்சு, யாரு வளத்தாங்க, எல்லாம் எழுதி லூயிஸ்கிட்ட குடுத்துட்டுத்தான் ஆடணும். இந்த வாரம் புது ஆட்டம்.

– உன் வேஷம் இன்னா?

– கடல் பூதம். குட்டியா இருக்கும்போதே வழி தவறி மனுஷங்க ஊருக்கு வந்துடுது. ஒரு மீன்காரம்மா தூக்கிட்டு வந்து வளக்கறாங்க. காதுக்குப் பின்னாடி செவுள் இருக்கும். துண்டு கட்டி மறைச்சுக்கும். எல்லாரும் நல்லாத்தான் பாத்துப்பாங்க. ஆனா அதுக்கு மட்டும் தெரியும், தான் வேற ஜாதின்னு.

– அஆங். மீன்காரம்மா. முழங்கையில செதிலு ஒட்டிகினு கீதாம். கோவம் வந்தா மூக்கு நுனி ஒண்டி செவக்குமாம். யாரு காதுல பூ சுத்தற? நாலு வயசுல ராயபுரம் ஸ்டேஷன்ல அழுதுகினு நின்னியே, ஒரு இடுப்புல கூடை, ஒரு இடுப்புல நீன்னு தூக்கியாந்துச்சே, அந்த வியாகுலம்மாள் தான அது?

– ஆமா. அம்மாதான்.

– அப்பால எங்கப்பா. தண்ணியப் போட்டுட்டு எவன் செருப்பையோ மாட்டிகினு வருவாரே, அது வரைக்கும் கீது. ரேடியோ ரிப்பேர் ஹபீபுல்லா பாய் கீறாரு. மூணாவது வூட்டு மனுஷன்டா அவரு! ஆனா அந்தப் பொம்பளைக்கு சொந்தமா ஒரு புள்ள கெடையாது. ‘கொழந்தை இல்லாத வூடு’ன்னு எழுதிக்கீற. ரெண்டு தபா படிச்சேன். பக்கம் ஒட்டிகினு கீதோன்னு பிரிச்சுக்கூட பாத்தேன்.

– சொல்றேன், கேளேன்.

– நீ கேளு. எனக்கு வயிறு எரியுது. இன்னைக்கு நேத்து இல்ல, இருபது வருசமா எரியுது. வஞ்சரம் வாங்குனா நடுத்துண்டு ஜெரிக்கு, வாலு பிராங்கிளினுக்கு. கிறிஸ்மஸ்க்கு உனக்குப் புதுசு எடுத்துட்டுத்தான் எனக்கு எடுக்கும். கேட்டா, ‘அது யாரும் இல்லாத புள்ளடா’ன்னும். யாரும் இல்லாத புள்ளைக்கு எல்லாம் கெடச்சுச்சு. எல்லாரும் கீற புள்ளைக்கு வாலு.

– ணா, யாரோ வராங்க.

– தம்பிங்களா, மிச்சம் சுண்ணாம்பு இருந்தா இந்த டப்பாவுல கொஞ்சம் ஊத்துங்கப்பா. நாளைக்குக் கல்லறைத் திருநாளு, எங்க வூட்டுக்காரரு கல்லு பாசி புடிச்சுக் கெடக்குது. அம்புரோஸ் சம்சாரம் டெபோரா நானு, பின்னாடி வரிசை. அட, வியாகுலம்மா கல்லா இது? ஆண்டவரே! கோயில்ல என் பக்கத்துலதான் குந்தும். வாயத் தொறந்தா ஜெரி, ஜெரி. ஜெரி பாஸாயிட்டான், ஜெரிக்கு ஜுரம். நீதான ராசா ஜெரி?

– இல்லக்கா. ஜெரி அவன்.

– அப்போ நீ யாருப்பா?

– நான் சுண்ணாம்பு அடிக்க வந்தவன்.

– அக்கா, இது எங்க அண்ணன். பிராங்கிளின். அம்மாவோட சொந்தப் புள்ள.

– அப்படியா? சொந்தப் புள்ள ஒண்ணு கீதுன்னு சொல்லவே இல்லையே அது! சரி ராசா, போதும் போதும், டப்பா ரொம்பிடுச்சு. வரேன்.

– பாத்தியாடா? கேட்டியா? ஊருக்கே நீதான் புள்ள. ஆஸ்பத்திரியில கடைசியா கண்ணைத் தொறந்துச்சே, பக்கத்துல குந்தினு கையப் புடிச்சினு கீறது நான். ‘ஜெரி சாப்டானா?’ன்னு கேட்டுச்சு. அதான் கடைசிப் பேச்சு. நான் சாப்டேனான்னு ஒரு வார்த்தை இல்ல. ரெண்டு நாளா பச்சத்தண்ணி குடிக்கல நானு.

– அது எனக்குத் தெரியாதுணா.

– உனக்கு இன்னாதான் தெரியும்? அம்மாதான் என்னிய வுட்டுச்சு. நீயுமா? ஒரு வெளாட்டுக் கதையிலகூட நான் ஒரு ஓரமா குந்தினு இருக்கக்கூடாதா? நல்லா கேட்டுக்கோ. உன் கதையில நான் இல்லன்னா, என் வூட்ல நீ இல்ல. நாளைக்குப் பூசை முடிஞ்ச கையோட பையைத் தூக்கு. எர்ணாவூர் பக்கம் எங்கனா ரூம் பாத்துக்கோ.

– போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். அம்மா என்னை ஒரு நாளாவது அடிச்சிருக்காங்களா?

– அடிக்கல. அத்ததான நானும் சொல்லிகினு கீறேன்!

– ஸ்கூலுக்கு மட்டம் போட்டு வார்ஃபுக்குக் கடல்ல குளிக்கப் போனோமே, ஞாபகம் இருக்கா? உன்னைத் தொடப்பத்தால மார்க்கெட் வரைக்கும் தொரத்தித் தொரத்தி அடிச்சாங்க. நானும்தான் மட்டம் போட்டேன். எனக்குத் தலை துவட்டிவிட்டு, சோறு போட்டு, ‘சாப்பிடுப்பா’ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி முழுக்க உன் முதுகுல இருந்த தொடப்பத் தழும்பையே பாத்துட்டுப் படுத்திருந்தேன். எனக்கும் ஒண்ணு வேணும்னு இருந்துச்சு.

– லூசாடா நீ? அடி வாங்குனதுக்கா பொறாமைப்படுவாங்க?

– பட்டேன். பெத்த புள்ளையத்தான் அப்படி அடிப்பாங்க. வந்தவனுக்கு நடுத்துண்டு வைப்பாங்க.

– இத்த ஏன்டா இத்தினி வருசமா சொல்லல?

– எப்படிச் சொல்றது? உனக்கு முதுகு வலிச்சுட்டு இருந்துச்சு.

– செரி, அது கெடக்கட்டும். பேச்சை மாத்தி டபாய்க்காத. கதையில அண்ணன் ஏன் இல்ல?

– லூயிஸ் எப்படி ஆட்டம் நடத்துவான்னு தெரியுமா உனக்கு?

– எனக்கு இன்னா தெரியும்? கன்டெய்னர் யார்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவன் நானு.

– எல்லாரோட முன்கதையும் வாங்கி வரி வரியாப் படிப்பான். இவனுக்கு உசுரு யாருன்னு பாப்பான். ரெண்டாவது வாரம் கதையில அந்த ஆளைச் சாவடிச்சுடுவான். அப்பத்தான் நாங்க பழி வாங்கக் கெளம்புவோமாம், ஆட்டம் சூடு பிடிக்குமாம். போன ஆட்டத்துக்கு எங்ககூட ஆடற உஸ்மா ஒரு தங்கச்சிய எழுதிச்சு. நெசமாவே அதுக்கு லுப்னான்னு தங்கச்சி இருக்கு. அதே சுருட்ட முடி, அதே திக்குவாயி, அப்படியே எழுதிச்சு. லூயிஸ் அந்தத் தங்கச்சியைக் கெணத்துல தள்ளிட்டான். உஸ்மா மாடிப்படியில நின்னு லுப்னாவுக்கு போன் மேல போன் போட்டுச்சு. அது எடுத்து ‘ஹலோ’ன்னு சொன்னப்புறம்தான் மறுபடி மேல வந்துச்சு.

– அடப்பாவி! இத்தெல்லாம் தெரிஞ்சுமா எங்கம்மாவை அவன் கையில எழுதிக் குடுக்கற?

– அம்மாவ இனிமே லூயிஸால என்ன பண்ண முடியும்ணா? இதோ, சுண்ணாம்பு அடிச்சிட்டு இருக்கோம்.

– அப்பாவ எழுதிக்கீறியே?

– இந்தக் கல்லுலயே மேல் வரியில யாரு பேரு இருக்கு, பாரு.

– பாய்?

– போன ரம்ஜானுக்கு முன்னாடியே போயிட்டாரு. நீதான ஓடியாடி எல்லாம் பாத்த?

– பூனை... அது எண்ணூர் ரோட்ல லாரியில மாட்டிக்கிச்சுல்ல. டேய், அப்போ எழுதுன அல்லாருமே...

– எனக்குன்னு உசுரோட இருக்கறது நீ ஒருத்தன்தான்ணா. உன்னை எப்படி அவன் கையில எழுதிக் குடுப்பேன்?