எந்த ரேப் றெக்கோடரும் போதும்

கொமடோர்தான் நல்ல கம்பியூட்டர் மெஷின். என் வீட்டில் இருந்தது ஸ்பெக்ற்றம் என்பதற்காக நான் இதை ஒருநாளும் மறுத்ததில்லை. கொமடோரின் விசைகள் தட்டச்சு இயந்திரத்தின் விசைகள் போல உறுதியானவை. அதன் சங்கீதத்தைக் கேட்டால் பக்கத்து அறையில் யாரோ ஆர்மோனியம் வாசிப்பதாக நினைப்பீர்கள். ஸ்பெக்ற்றத்துக்கு றப்பர் விசைகள், காதருகில் ரீங்கரிக்கும் நுளம்பின் குரல். ஆனால் விலை குறைவு, கைப்பையில் அடங்கும். லண்டனிலிருந்து என் மகன் அதைத்தான் அனுப்பினான்.

நான் சிவபாதசுந்தரம். அரசாங்கக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். வெள்ளவத்தையில் எங்கள் குடும்பத்தைப் பற்றி எவரும் ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை.

மகள் ஜெகதீஸ்வரிக்கு மெஷினைப் பழக்க வின்சன்ற் வந்தான். கொட்டாஞ்சேனைக்காரன், கொள்ளுப்பிட்டியில் கம்பியூட்டர் வகுப்பு எடுத்தான். கெட்டிக்காரன், மரியாதையானவன். அவனுடைய ஆட்கள் யார் என்று விசாரித்த பிறகு, அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்க ஒரு கிளாசைத் தனியாக வைத்தோம். அதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அவனிடம் சொந்தமாகக் கொமடோர் இருந்தது. எது நல்லது என்று அவனும் மகளும் ஓயாமல் வாதாடுவார்கள். நான் பேப்பர் வாசித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

"உங்கட றப்பர்ப் பெட்டி பாடுறதைக் கேட்டா நாய் ஓடிப்போயிடும்."

"போங்கோ மாஸ்டர். உங்கட கொமடோருக்கு அதுக்கெண்டே செய்த கசற் பிளேயர் வேணும். புது மாப்பிள்ளை மாதிரி, கண்ட இடத்தில சாப்பிடாது."

"ஓம், அது உண்மைதான். இதுக்கு எந்த ரேப் றெக்கோடரும் போதும்."

ஸ்பெக்ற்றத்தின் உண்மையான பலவீனம் வேறு. ரேப்பிலிருந்து புறோகிறாம் ஏறுவதற்கு நேரம் எடுக்கும். அதுவரை பெட்டி கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேலை இல்லை. அப்படிக் காத்திருந்த ஒரு பின்னேரம், ஜெகதீஸ்வரி அவனுடைய கிளாசை எடுத்து, அவன் குடித்து மிச்சம் வைத்திருந்த தேத்தண்ணியைக் குடித்தாள். அவன் சிரித்தான். நான் பேப்பரை மடித்து வைத்தேன். சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டில் சத்தம் போடும் வழக்கம் இல்லை.

பஸ் நிலையத்தில் குண்டு வெடித்த வாரம் அது. வீதியெங்கும் சோதனை. அவன் விட்டுப்போயிருந்த ரேப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடந்தேன். அங்கே பாட்டுக் கேட்பதற்கு ஒரு பழைய றெக்கோடர் வைத்திருந்தார்கள். அவன் சொன்னது சரி, அதுவே போதுமாயிருந்தது.

ரேப் ஓடத் தொடங்கிக் கிறீச்சென்ற சத்தம் எழுந்ததும் அறையில் இருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். "மே மொகக்த, மஹத்தயா?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். இது என்ன என்று கேட்கிறார்.

"தன்னே நே," என்றேன். தெரியாது.

என் வீட்டுக்கு வந்துபோகும் தமிழ்ப் பொடியன் ஒருவன் இப்படியான ரேப்புகளைக் காவித் திரிகிறான் என்றேன். அது உண்மை. கொட்டாஞ்சேனை விலாசத்தைச் சொன்னேன். அதுவும் உண்மை. அன்றைக்கே போய் அவனைக் கொண்டுபோனார்கள். பிறகு அவனை எவரும் காணவில்லை.

அந்த ரேப்பை அதற்கு முதல் நாள் நானே மெஷினில் ஏற்றிப் பார்த்திருந்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பெருக்கல் விளையாட்டு. சரியான விடை சொன்னால் ஒரு மஞ்சள் மீன் வாலை ஆட்டும்.

அவனுடைய தமக்கை மரியகொறற்றி இப்போதும் வருகிறாள். "ஐயா, நீங்கள் பெரிய கந்தோரில இருந்தனீங்கள். ஒருக்கால் விசாரிச்சுப் பாருங்கோவன்," என்பாள். விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்புவேன். தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவதில்லை.

ஆனால் அந்தக் கிளாசில் கொடுக்க முடியாது. ஜெகதீஸ்வரி அதை எடுத்துக்கொண்டாள். அதில்தான் குடிக்கிறாள், வேறு எதிலும் குடிப்பதில்லை. வந்த சம்பந்தங்களுக்கு மறுமொழி சொல்லவில்லை. வீட்டு றெக்கோடரில் அவனுடைய ரேப் இல்லை என்று கண்ட நாளிலிருந்து என்னுடன் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

அடக்கமான பிள்ளை. அப்படித்தான் வளர்த்தேன்.